மாமாவைக் கேளுங்க: ஐஸ்லாந்துச் சட்ட ஸ்பெஷல்

கே: மாமா, சட்டத்துக்குத் தாய்மொழி ஆங்கிலம்தானே? (சட்டக் கல்லூரி மாணவி, சேலம்)

ப: 'லா' என்ற சொல்லே ஆங்கிலம் கடனாக வாங்கியதுதான், கண்ணு. இங்கிலாந்தைக் கொள்ளையடிக்க வந்த வைக்கிங்குகளில் பலர் அங்கேயே நிலம் பிடித்து உட்கார்ந்துவிட்டார்கள். அவர்கள் பேசிய பழைய நோர்ஸ் மொழியில் 'லாக்' என்றால் இட்டு வைத்தது. இட்டு வைத்ததெல்லாம் சேர்ந்தால் சட்டம். அந்த மொழியை அதிகம் கலைக்காமல் வைத்திருப்பவர்கள் ஐஸ்லாந்துக்காரர்கள். அவர்களுக்கு இன்றும் சட்டம் 'லோக்'தான். 'ராங்' என்ற சொல்லும் அதே வைக்கிங் மூட்டையில் வந்தது. 'ரைட்' மட்டும் ஆங்கிலேயரின் சொந்தச் சரக்கு.

கே: வேற என்னென்ன கடன்? (தஞ்சாவூர் வாசகர்)

ப: 'அவுட்லா'. உங்கள் அபார்ட்மென்ட் சங்கத்தில் எல்லாரையும் மிரட்டுகிற 'பை-லா'. தேர்தல் மேடைக்குச் சொல்லும் 'ஹஸ்டிங்ஸ்'கூட, தலைவன் வீட்டில் கூடும் சபையான 'ஹூஸ்திங்'தான். 'ஆம்புட்ஸ்மன்' பின்னாளில் ஸ்வீடன் வழியாக வந்தது. பொன்னுக்காக வந்தவன் சொல்லைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான்.

கே: உலகத்திலேயே பழைய பாராளுமன்றம் ஐஸ்லாந்துடையதாமே? (கோவை வாசகி)

ப: 'ஆல்திங்' முதலில் கூடியது கி.பி. 930இல், திங்வெல்லிர் என்ற வெட்டவெளியில். 1800இல் கலைத்தார்கள், 1845இல் ரெய்க்யவிக்கில் திரும்பக் கூட்டினார்கள். இன்று 63 உறுப்பினர்கள். நடுவில் 45 வருஷம் சபை ஒத்திவைப்பு!

கே: அந்த இடத்தை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள்?

ப: ஆரி என்ற பாதிரியார் 12ஆம் நூற்றாண்டில் எழுதிய வரலாற்றில் இருக்கிறது. அந்த நிலத்துக்காரன் ஓர் அடிமையைக் கொன்றுவிட்டான். நிலம் பறிபோய்ப் பொதுவுடைமை ஆனது. சபைக்கு வருகிறவர்கள் அங்கே விறகு வெட்டலாம், குதிரை மேய்க்கலாம் என்று ஏற்பாடு. ஆக, சட்டசபையின் மனைக்குப் பட்டா வாங்கிக் கொடுத்தது ஒரு கொலை.

கே: எழுத்து இல்லாத காலத்தில் சட்டப் புத்தகம் எங்கே இருந்தது? (ஓய்வுபெற்ற ஆசிரியர், விழுப்புரம்)

ப: ஒரு மனிதரின் மண்டைக்குள், ஐயா. பதவியின் பெயர் 'லோக்சோகுமாதுர்', அதாவது சட்டம் சொல்பவர். மூன்று வருஷப் பதவி. ஒவ்வொரு கோடையிலும் சட்டத்தில் மூன்றில் ஒரு பங்கை மனப்பாடமாக, உரக்கச் சொல்ல வேண்டும். சபை நடைமுறையை வருஷா வருஷம் சொல்ல வேண்டும். நிற்கிற இடம் 'சட்டப் பாறை'. பக்கத்திலேயே எரிமலைக் குழம்பு உறைந்து பிளந்த கரும்பாறைச் சுவர். எதிரே, பல நாள் குதிரை ஏறி வந்த பண்ணைக்காரர்கள். சொல்வதில் விட்டுப்போனது இருந்தால் கூட்டத்திலேயே ஆள் எழுந்து கேட்பான்.

சம்பளம் முழக் கணக்கில் கம்பளித் துணி. அதற்கு மேல், சபையில் விழும் அபராதத்தில் பாதி.

கே: அவருக்கே மறந்துபோனால்?

ப: அதற்கும் விதி உண்டு. முந்தின நாளே சட்டம் தெரிந்த ஐந்து பேரையாவது கூட்டிவைத்துக் கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும். தெரியாததைத் தெரிந்ததுபோல் பேசக் கூடாது என்பதைச் சட்டமாகவே போட்ட ஊர். நம்ம டிவி விவாதத்துக்கு இறக்குமதி செய்யலாம்.

கே: எப்போதுதான் எழுதினார்கள்? (வழக்கறிஞர், மதுரை)

ப: 1117ஆம் வருஷக் குளிர்காலத்தில், ஹாவ்லிதி மாசன் என்ற தலைவரின் பண்ணையில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார்கள். அடுத்த கோடையில் சபையில் படித்துக் காட்டினார்கள். எழுதியதும் புதுத் தலைவலி: படிகள் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. அதற்கு ஒரு விதி போட்டார்கள் பாருங்கள். இரண்டு பிஷப்புகளிடம் உள்ள படிகள்தான் செல்லும். அந்த இரண்டும் வேறுபட்டால், எது விஷயத்தை நீளமாகச் சொல்கிறதோ அதுவே செல்லும். நீளமும் சமம் என்றால் ஸ்கால்ஹோல்ட் பிஷப்பின் படி. வழக்கறிஞர்கள் ஏன் நீட்டி எழுதுகிறார்கள் என்று இனி யாரும் கேட்காதீர்கள். 900 வருஷ முன்னுதாரணம் இருக்கிறது.

கே: அந்தச் சட்டத் தொகுப்புக்கு 'சாம்பல் வாத்து' என்று பெயராமே, ஏன்?

ப: 'கிராகாஸ்' என்றால் அதுதான் பொருள். வாத்திறகால் எழுதினார்கள் என்பார் ஒருவர். வாத்துத் தோலில் கட்டினார்கள் என்பார் இன்னொருவர். வாத்துக்கு ஆயுசு அதிகம் என்பார் மூன்றாமவர். வாத்தைக் கேட்டால்தான் உண்டு.

கே: காதல் கவிதை எழுதினால் தண்டனை என்கிறார்களே, நிஜமா? (கவிஞர், புதுச்சேரி)

ப: நிஜம். ஒரு பெண்ணின் மேல் காதல் பாட்டுக் கட்டினால், கிராகாஸ் சட்டப்படி சட்டத்தின் பாதுகாப்பையே முழுசாக இழக்க வேண்டியதுதான். கொலைக்கு என்ன தண்டனையோ அதே. பெண்ணின் பெயரும் குடும்ப மானமும் ஊர் வாயில் விழும் என்ற பயம்தான் காரணம். நீங்கள் புதுச்சேரியிலேயே இருங்கள்.

கே: கொலையும் கவிதையும் ஒன்றா! கொலையிலாவது ரகம் பிரித்தார்களா?

ப: பிரித்தார்கள், அதுவும் கூர்மையாக. ஒருவனை வெட்டிவிட்டு, உயிருக்கு ஆபத்தில்லை என்று தோன்றும் முதல் வீட்டுக்குப் போய், 'இன்னாரை நான்தான் வெட்டினேன்' என்று சொல்லிவிட்டால் அது 'வீக்'. சொல்லாமல் மறைத்தால் 'மோர்த்'. பின்னதற்கு ஆங்கிலத்தில் இருக்கும் சகோதரன்தான் 'மர்டர்'. கத்தியைவிட மௌனத்தை வெறுத்த சமூகம் அது. திருட்டையும் அப்படியே பார்த்தார்கள்: முகத்துக்கு நேரே பிடுங்குகிறவனைவிட இருட்டில் எடுக்கிறவன் கேவலமானவன்.

கே: போலீஸ் யார்? ஜெயில் எங்கே? (கான்ஸ்டபிள், திண்டுக்கல்)

ப: இரண்டும் கிடையாது தம்பி. ராஜாவும் கிடையாது. தீர்ப்பு வாங்குவது உங்கள் சாமர்த்தியம். அதை நிறைவேற்றுவதும் உங்கள் சொந்தச் செலவு. இன்றைக்கு உங்கள் சகாக்களுக்கு அங்கே 'லோக்ரெக்லா' என்று பெயர். 'லோக்' சட்டம், 'ரெக்லா' ஒழுங்கு. உங்கள் ஸ்டேஷன் போர்டில் இருப்பதேதான்.

கே: ஜெயில் இல்லாமல் என்ன தண்டனை கொடுத்தார்கள்?

ப: சின்னதுக்கு மூன்று வருஷம் நாட்டைவிட்டு வெளியே. பெரியதுக்கு 'ஸ்கோக்கங்குர்', அதாவது காட்டுக்குப் போவது. அவனுக்குச் சோறு போடக் கூடாது, படகில் ஏற்றக் கூடாது, கொன்றால் கேள்வியில்லை. நார்வேயிலிருந்து கொண்டுவந்த சொல் அது. அங்கே காடு இருந்தது. ஐஸ்லாந்தில் இருந்த பிர்ச் மரங்களையும் வெட்டி எரித்துத் தீர்த்துவிட்டார்கள். கிரெட்டிர் என்ற வீரன் இந்தத் தண்டனையோடு 19 வருஷம் தாக்குப்பிடித்தான் என்கிறது அவன் பெயரில் உள்ள கதை. ஒளிய மரமே இல்லாத ஊரில் அது பெரிய சாதனை.

கே: மதம் மாறுவதையும் சட்டம் போட்டே முடித்தார்களாமே? (திருச்சி வாசகர்)

ப: கி.பி. 1000 வாக்கில். சபை இரண்டாகப் பிளந்து கைகலப்புக்குத் தயாராக நிற்கிறது. இரு தரப்பும் சட்டம் சொல்பவரான தோர்கெய்ரிடம் முடிவை விட்டன. அவரோ பழைய தெய்வங்களைக் கும்பிடுகிறவர். போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஒரு பகலும் ஓர் இரவும் வாய் திறக்காமல் படுத்தார். எழுந்து வந்து, எல்லாரும் கிறிஸ்தவர் ஆக வேண்டும் என்றார். இரண்டு சட்டம் இருந்தால் ஊரே இரண்டாகும் என்பது அவர் வாதம். குதிரைக்கறி தின்னலாம், வீட்டுக்குள் ரகசியமாகப் பழைய பூஜை செய்யலாம் என்று கொஞ்ச காலத்துக்குச் சலுகையும் கொடுத்தார்.

தன் சாமிக்கு எதிராகத் தானே தீர்ப்பு எழுதிய அந்த ஆளை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

கே: கோர்ட் டிராமா வேண்டும் மாமா. ஒன்று சொல்லுங்களேன். (கல்லூரி மாணவர், ஈரோடு)

ப: 'நியால் சாகா' என்ற பழைய ஐஸ்லாந்துக் கதையைப் படி. நியாலை வீட்டோடு எரித்துக் கொன்றவர்கள் மேல் ஆல்திங்கில் வழக்கு. எதிர்த்தரப்பு, தங்கக் காப்பு ஒன்றைக் கொடுத்து எயோல்வுர் என்ற சட்டப்புலியை வளைத்துவிட்டது. வாதியின் பக்கம் சட்டம் கரைத்துக் குடித்தவன் தோர்ஹால், நியாலிடமே படித்தவன். ஆனால் காலில் பெரிய கட்டி, நடக்க முடியாது. கூடாரத்தில் படுத்தபடி சொல்லி அனுப்புகிறான், ஆள் ஓடி ஓடிக் கேட்டு வருகிறான்.

கடைசி மேல்முறையீட்டு மன்றத்தில் 48 பேர் உட்காருவார்கள். தீர்ப்புச் சொல்ல வேண்டியது 36 பேர். ஆறு பேரை வாதி விலக்க வேண்டும், ஆறு பேரைப் பிரதிவாதி விலக்க வேண்டும். பிரதிவாதி சும்மா இருந்தால் அந்த ஆறையும் வாதியே விலக்க வேண்டும். எயோல்வுர் வேண்டுமென்றே சும்மா இருந்தான். வாதியின் ஆள் மறந்தான். 42 பேர் தீர்ப்புச் சொன்னார்கள். செல்லாது, தள்ளுபடி!

செய்தி கூடாரத்துக்கு வந்தது. தோர்ஹால் பேசவில்லை. ஈட்டியை எடுத்துத் தன் கட்டியில் தானே குத்தினான். ரத்தமும் சீழும் ஓட, நொண்டாமல் நடந்துபோய், எதிர்த்தரப்பில் முதலில் கண்ணில் பட்டவனைக் குத்திச் சாய்த்தான். சபை போர்க்களமானது. உன் சீனியர் கோர்ட்டில் டென்ஷன் ஆகிறார் என்று இனிமேல் புலம்பாதே.

கே: பேய் மேல கேஸ் போட முடியுமா? (ஏழாம் வகுப்பு, நாகர்கோவில்)

ப: சபாஷ், இதுதான் கேள்வி! ஐஸ்லாந்தில் போட்டிருக்கிறார்கள். எய்ர்பிக்யா சாகாவில் வருகிறது. ஃப்ரோதா என்ற பண்ணையில் கடலில் மூழ்கிச் செத்தவர்கள் தினமும் சாயங்காலம் சொட்டச் சொட்ட வந்து அடுப்பருகே குளிர்காய்ந்தார்கள். புதைத்த கோஷ்டி ஒன்று மண்ணை உதறிக்கொண்டு வந்தது. உயிரோடு இருந்தவர்களுக்கு அடுப்பே கிடைக்கவில்லை. ஸ்னோரி என்ற தலைவர் மந்திரவாதியை அனுப்பவில்லை. வழக்குப் போடச் சொன்னார்.

வாசற்படியில் நீதிமன்றம் கூடியது. குற்றச்சாட்டு: அனுமதியில்லாமல் வீட்டுக்குள் நடமாடியது, ஆட்களின் உயிருக்கும் உடம்புக்கும் கேடு செய்தது. சாட்சி, விசாரணை, தீர்ப்பு, எல்லாம் முறைப்படி. பெயர் சொல்லித் தீர்ப்பு வாசிக்க வாசிக்க, ஒவ்வொரு பேயும் எழுந்து முணுமுணுத்துவிட்டு வெளியே போனது. மேல்முறையீடு செய்யவில்லை. வாடகைக்கு விட்டுக் காலி செய்ய முடியாமல் தவிப்பவர்கள் ஏக்கப் பெருமூச்சு விடலாம்.

கே: ஜூரி முறை அங்கே உண்டா?

ப: அன்று அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் ஐந்து பேரோ ஒன்பது பேரோ கூடி, நடந்தது என்ன என்று சொல்வார்கள். அதற்குப் பெயர் 'க்வித்துர்'. ஆங்கில 'ஜூரி'க்கு இன்றைய ஐஸ்லாந்துச் சொல் 'க்வித்டோமுர்'. சொல் தயார், ஜூரிதான் அங்கே இல்லை. நீதிபதிகளே தீர்மானிக்கிறார்கள்.

கே: ஆங்கிலப் பத்திரத்தில் ஏன் எல்லாமே இரட்டையாக வருகிறது? 'வில் அண்ட் டெஸ்டமென்ட்', 'பிரேக்கிங் அண்ட் என்டரிங்'... (பத்திர எழுத்தர், கும்பகோணம்)

ப: 1066இல் நார்மன்கள் வந்த கோளாறு. ஆண்டவன் பேசியது பிரெஞ்சு, எழுதியது லத்தீன், அழுதவன் பேசியது ஆங்கிலம். யாருக்கும் சந்தேகம் வரக் கூடாதென்று இரண்டு மொழியிலும் ஒன்றையே எழுதினார்கள். 'வில்' ஆங்கிலம், 'டெஸ்டமென்ட்' லத்தீன். ஐஸ்லாந்து மொழிபெயர்ப்பாளர் இரண்டையும் தட்டிவிட்டு 'எர்வ்தஸ்க்ரா' என்று ஒரே சொல்லில் முடிப்பார்: வாரிசுரிமை ஏடு. பக்கக் கணக்கில் கூலி வாங்கினால் அவருக்கு நஷ்டம்.

கே: அப்புறம் எப்போது ஆங்கிலத்துக்கு மாறினார்கள்?

ப: 1362இல், வழக்காடுவது இனி ஆங்கிலத்தில் என்று இங்கிலாந்தில் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தை எழுதிய மொழி பிரெஞ்சு! முழுசாக ஒழிய 1733 வரை ஆனது.

கே: ஒரே வேர், இரண்டு கதி. அப்படிச் சட்டச் சொல் ஏதாவது? (தமிழாசிரியை, காரைக்குடி)

ப: நிறைய. 'டோமுர்' ஐஸ்லாந்தில் சாதாரணத் தீர்ப்பு. அதே சொல் ஆங்கிலத்தில் 'டூம்', சர்வநாசம். தீர்ப்பு வந்தால் அவ்வளவுதான் என்று அனுபவப்பட்டிருக்கிறார்கள். 'சோக்' அங்கே குற்றச்சாட்டு. ஆங்கிலத்தில் 'சேக்' ஆகி, கடவுளின் பெயரால் கெஞ்சுவதற்கு மட்டும் மிஞ்சியது. குற்றமற்றவன் அங்கே 'சாக்லொய்ஸ்', குற்றச்சாட்டு இல்லாதவன்.

எனக்குப் பிடித்தது 'வேத்'. ஐஸ்லாந்தில் அடமானம். அதன் ஆங்கிலச் சொந்தக்காரன் 'வெட்டிங்'. வீட்டுக்காரியிடம் இதைப் படித்துக் காட்ட வேண்டாம்.

கே: மொழிபெயர்க்கவே முடியாத ஆங்கிலச் சட்டச் சொல் எது? (சட்ட மொழிபெயர்ப்பாளர், சென்னை)

ப: 'கன்சிடரேஷன்', நம் சட்டத்தமிழில் 'மறுபயன்'. சொல் கிடைக்கும் அம்மா, சரக்குதான் அங்கே கிடையாது. இங்கிலாந்தில், முறைப்படி பத்திரமாக எழுதாத வாக்குறுதி செல்ல வேண்டுமானால் பதிலுக்கு ஏதாவது கொடுத்திருக்க வேண்டும். ஒரே ஒரு மிளகாக இருந்தாலும் போதும் என்பது அவர்கள் வழக்கு. ஐஸ்லாந்தில் 1936ஆம் வருஷ ஒப்பந்தச் சட்டப்படி, தருகிறேன் என்று சொன்னால் சொன்னவர் கட்டுப்பட்டவர். மிளகு வேண்டாம்.

அகராதியைப் பார்த்துச் சொல்லுக்குச் சொல் வைப்பவர் இங்கேதான் சறுக்குவார். வாசகன் கையில் சொல் இருக்கும். அதன் பின்னால் இருக்க வேண்டிய சட்டம் இருக்காது. நல்ல மொழிபெயர்ப்பாளர் அந்த இடத்தில் ஒரு விளக்கக் குறிப்புப் போடுவார். அந்தக் குறிப்புக்கும் சேர்த்துக் கூலி கேளுங்கள், தப்பே இல்லை.

கே: சொந்த மொழியில் சட்டம் இருந்தால் எல்லாருக்கும் புரிந்துவிடுமா?

ப: புரிந்துவிட்டதுபோல் இருக்கும், அதில்தான் ஆபத்து. அசையும் சொத்துக்கு அவர்கள் சொல் 'லொய்சாஃபியே'. 'லொய்ஸ்' அவிழ்ந்தது, 'ஃபியே' ஆடும் பணமும். (நமக்கும் மாடு என்றால் செல்வம்தானே!) ஐஸ்லாந்துக் குழந்தை அவிழ்ந்த ஆட்டை நினைக்கும், நீதிபதி கார், சோபா, நகை எல்லாவற்றையும் நினைப்பார். இருந்தாலும் வாசற்கதவு திறந்திருக்கிறது. லத்தீனில் எழுதினால் ஆடும் தெரியாது, சோபாவும் தெரியாது.

கே: வீட்டுப் பத்திரம் பதிய அங்கே எங்கே போக வேண்டும்?

ப: 'சீஸ்லுமாதுர்' என்ற மாவட்ட அதிகாரியிடம். பதிவுக்குப் பெயர் 'திங்லீசிங்', அதாவது சபையில் அறிவிப்பது. பண்ணை கைமாறினால் சபையில் நின்று கூவிச் சொன்ன காலத்துச் சொல். இன்று கூவல் இல்லை; சொல்லை மட்டும் கழற்றவில்லை. பதிவுத் திருமணமும் அதே அதிகாரி, விவாகரத்துக்கும் அவரே, கடன் கட்டாத வீட்டை ஏலம் விடுவதும் அவரே. ஒரே மனுஷனை வாழ்நாளில் மூன்று தரம் பார்க்காமல் இருந்தால் நல்லது.

கே: ரெய்க்யவிக் கோர்ட்டில் ஆங்கிலத்தில் வாதாடலாமா? அங்கே எல்லாருக்கும் ஆங்கிலம் தெரியுமே!

ப: தெரியும், ஆனாலும் முடியாது. நீதிமன்ற மொழி ஐஸ்லாந்து மொழி. 2011இல் அதை நாட்டின் மொழி என்று தனிச் சட்டமே போட்டார்கள். மொழி தெரியாதவருக்கு மொழிபெயர்ப்பாளர் உண்டு. அயல்மொழி ஆவணம் கொடுத்தால் மொழிபெயர்ப்பும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். நீதிபதி தானே பெயர்த்துக்கொள்ள முடியும் என்று நினைத்தால் மட்டும் விட்டுவிடலாம். நீதிபதியை அகராதி புரட்டவைத்துவிட்டு ஜெயிக்க நினைப்பவர் துணிச்சல்காரர்.

கே: நாலு லட்சம் பேர்கூட இல்லாத நாடு. இவ்வளவு மெனக்கெட வேண்டுமா? ஆங்கிலத்திலேயே வைத்துக்கொள்ளலாமே! (ஐ.டி. ஊழியர், ஓசூர்)

ப: தம்பி, உன்னைக் கைது செய்கிறார்கள். எதற்கு என்று உனக்குத் தெரியாத மொழியில் சொல்கிறார்கள். தலைக்கணக்குப் பார்த்தா உனக்கு உரிமை கொடுப்பது?

அவர்கள் அந்த வலி தெரிந்தவர்கள். டென்மார்க் ஆண்ட நூற்றாண்டுகளில் கடைசித் தீர்ப்பு கோபன்ஹேகனில்தான் எழுதப்பட்டது. சொந்தச் சட்டப் பள்ளி 1908இல், சொந்த உச்ச நீதிமன்றம் 1920இல். 1994இல் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் சேர்ந்ததும், உறுப்பினராக இல்லாத ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டங்கள் மூட்டை மூட்டையாக வந்தன. மீன் பெட்டியின் அளவிலிருந்து வங்கி முதலீடு வரை. வெளியுறவு அமைச்சகத்தில் ஒரு மொழிபெயர்ப்பு நிலையம் உட்கார்ந்து அத்தனையையும் பெயர்க்கிறது. ஆக்கிய சொற்களை எல்லாரும் பார்க்கும்படி சொல்வங்கியில் போட்டுவைக்கிறது. எனக்குத் தெரிந்து பணம் போட்டால் குறையாத வங்கி அது ஒன்றுதான்.

கே: வங்கி என்றதும் கேட்கிறேன். 2008இல் அவர்கள் வங்கிகள் மூழ்கினவே, சட்டம் என்ன செய்தது? (வங்கி ஊழியர், தூத்துக்குடி)

ப: திவாலுக்கு அவர்கள் சொல் 'கியால்ட்த்ரோட்', கொடுக்க வக்கில்லாமல் தீர்ந்துபோவது. லாண்ட்ஸ்பாங்கி வங்கி விழுந்ததும் பிரிட்டன் அதன் சொத்தை முடக்கியது. எந்தச் சட்டத்தில் தெரியுமா? 2001ஆம் வருஷப் பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தில்! அந்த வங்கியின் இணைய வைப்புக் கணக்குக் கடனை மக்கள் தலையில் கட்டும் ஏற்பாட்டை ஐஸ்லாந்துக்காரர்கள் 2010, 2011 இரண்டு வாக்கெடுப்பிலும் தூக்கி எறிந்தார்கள். 2013இல் ஐரோப்பியத் தடையற்ற வணிகச் சங்கத்தின் (எஃப்டா) நீதிமன்றமும் அவர்கள் பக்கமே நின்றது.

கே: பிரதமரைக் கூண்டில் ஏற்றினார்களாமே?

ப: ஏற்றினார்கள். அமைச்சர்களை விசாரிக்க 1905இலேயே 'லாண்ட்ஸ்டோமுர்' என்று தனி மன்றத்துக்குச் சட்டம் இருந்தது. நூறு வருஷத்துக்கு மேல் ஒட்டடை பிடித்துக் கிடந்ததை கெயிர் ஹார்டேவுக்காகத் திறந்தார்கள். 2012 தீர்ப்பு: முக்கிய விஷயத்துக்கு அமைச்சரவையைக் கூட்டவில்லை என்ற ஒன்றில் குற்றவாளி, மற்றவற்றில் விடுதலை. தண்டனை எதுவும் இல்லை. மீட்டிங் போடாததற்குக் குற்றவாளியான ஒரே பிரதமர் அவராகத்தான் இருக்கும். உங்கள் மேனேஜரிடம் சொல்லிவிடாதீர்கள்.

கே: மீனுக்காக இங்கிலாந்தோடு சண்டை போட்ட கதை? (மீனவர், ராமேஸ்வரம்)

ப: உங்களுக்குச் சொல்லாமலா! கடல் எல்லைக்கு அவர்கள் சொல் 'லாண்ட்ஹெல்கி', நிலத்தின் புனித வட்டம். 1958இல் 12 மைல், 1972இல் 50, 1975இல் 200 என்று வட்டத்தைப் பெரிதாக்கினார்கள். சர்வதேச நீதிமன்றத்துக்கு பிரிட்டன் போனது. ஐஸ்லாந்து ஆஜராகவே இல்லை. 1974இல் தீர்ப்பு பிரிட்டனுக்கு. கடலில் ஐஸ்லாந்துக் காவல் கப்பல்கள் இழுவலையின் இரும்புக் கயிற்றை நறுக்கும் கொக்கிகளை இழுத்துக்கொண்டு திரிந்தன. வலை போனது, மீன் தப்பியது. 1976இல் பிரிட்டன் இறங்கிவந்தது. 1982 ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையில் அந்த 200 மைல் உலகத்துக்கே பொருளாதார எல்லை ஆனது. கோர்ட்டுக்கே போகாமல் கேஸ் ஜெயித்த நாடு.

கே: பெண்களுக்கு அந்தச் சட்டம் எப்படி இருந்தது? (வாசகி, வேலூர்)

ப: இதில் விளையாட்டு இல்லை, அம்மா. 1564இல் வந்த 'பெருந்தீர்ப்பு'ச் சட்டம், ஒழுக்கக் குற்றம் என்று சொல்லி ஆண்களின் தலையை வெட்டியது. பெண்களைச் சாக்கில் கட்டி நீரில் அமுக்கியது. திங்வெல்லிரில் அப்படி அமுக்கிய மடுவுக்கு 'மூழ்கடிக்கும் மடு' என்றே பெயர். பெயர் தெரிந்த 18 பெண்கள் அங்கே முடிந்தார்கள். கடைசி மரண தண்டனை 1830 ஜனவரி 12. வெட்டப்பட்ட இருவரில் ஆக்னெஸ் என்ற பணிப்பெண் ஒருவர். மரண தண்டனையை ஒழித்தது 1928இல்.

1935இல் அயிதுர் அயிதுன்ஸ் என்ற பெண் ஐஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தில் சட்டப் பட்டம் வாங்கினார், பெண்களில் முதல் ஆள். 1970இல் நீதித் துறைக்கே அமைச்சர் ஆனார்.

கே: பெயர் வைக்கக்கூடச் சட்டமா?

ப: ஆமாம், பெயர்க் குழு உண்டு. புதுப் பெயர் ஐஸ்லாந்து இலக்கணப்படி வேற்றுமை உருபு ஏற்க வேண்டும். மென்காற்று என்று பொருள்படும் ஒரு பெயரை ஒரு பெண்ணுக்கு வைத்தபோது, அது ஆண்பால் என்று குழு மறுத்தது. 2013இல் நீதிமன்றம் அந்தப் பெண்ணுக்கே கொடுத்தது. 2019 முதல் பெயருக்கு ஆண்பால் பெண்பால் கட்டில்லை. உருபுக் கட்டு தொடர்கிறது. இலக்கணத்தில் ஃபெயிலானால் பெயரே கிடையாது!

கே: கேலிக்கூத்தான பழைய சட்டம் ஒன்று?

ப: கேலி இல்லை, ரத்தம். 1615இல் கப்பல் உடைந்து கரையேறிய பாஸ்க் திமிங்கில வேட்டைக்காரர்களைக் கொல்லலாம் என்று மேற்கு ஃபியோர்டு அதிகாரி ஆணையிட்டார். 30 பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள். அந்த ஆணையை முறைப்படி ரத்து செய்தது 2015இல், நினைவுச் சின்னம் திறந்தபோது. 400 வருஷம் பாஸ்க் சுற்றுலாப் பயணிகள் அதிர்ஷ்டத்தில் தப்பியிருக்கிறார்கள்.

கே: இன்னும் உயிரோடு இருக்கும் பழைய சட்டம் எது? (சட்டக் கல்லூரி மாணவி, சேலம், மறுபடியும்)

ப: வா கண்ணு. 'யோன்ஸ்போக்', யோனின் புத்தகம். நார்வே மன்னருக்கு நாடு கட்டுப்பட்ட பிறகு 1281இல் சபை ஏற்றது. கொண்டுவந்த சட்ட அறிஞர் யோனின் பெயரே புத்தகத்துக்கு. 1578இல் ஹோலாரில் அச்சேறியது. அதில் நிலம், கரை ஒதுங்கும் பொருள் பற்றிய சில விதிகள் இன்றைய சட்டத் தொகுப்பிலும் இருக்கின்றன. ஆகவே செமஸ்டரில் 'நடைமுறைச் சட்டம்' என்று கேள்வி வந்து நீ 1281 என்று எழுதினால், திருத்துகிறவர் சிவப்பு மையில் சுழித்தாலும் மறுமதிப்பீட்டுக்குப் போடு.